மேல் வீட்டுத் தண்ணீர்

எங்கள் படுக்கையறைச் சுவரில் ஈரம் தெரிய ஆரம்பித்தது 2022 ஐப்பசியில். முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். கார்த்திகை தீபம் வருவதற்குள் அது கட்டில் உயரத்துக்கு இறங்கிவிட்டது. பெயிண்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் குளியலறை. அதற்கு நேர் மேலே மேல் வீட்டுக் குளியலறை. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தொலைபேசித் துறையில் 34 வருடம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் தரையடிக் கேபிளில் பழுது தேடுகிற வேலை. அந்தக் காலத்துக் கேபிளில் செம்புக் கம்பிக்குக் காகிதம்தான் உறை. ஏதாவது ஒரு ஜாயிண்டில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, காகிதம் ஊறி, ஒரு தெருவே ஊமையாகிவிடும். தண்ணீர் நுழைந்த இடம் ஒன்றாக இருக்கும், கோளாறு தெரிகிற இடம் வேறாக இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லுவேன்: "போன் செத்துப்போன வீட்டு வாசல்லயே பள்ளம் தோண்டாதேப்பா."

மேல் வீட்டில் இருப்பவன் சின்னப் பையன். ஐ.டி. கம்பெனி வேலை, கைக்குழந்தை. சொந்த வீடுதான், இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் போய்ச் சொன்னதும் மரியாதையாகக் கீழே வந்து பார்த்தான். அந்த வார இறுதியிலேயே குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, அதில் சொட்டு நீலத்தைக் கலந்து ஒரு நாள் முழுக்க வைத்திருந்தான். எங்கள் சுவரில் நீலத்தின் வாடைகூட இல்லை.

"அங்கிள், உங்க சீலிங் காஞ்சுதானே இருக்கு? எங்க வீட்டுத் தண்ணின்னா முதல்ல சீலிங்லதானே தெரியணும்? இது பாதிச் சுவர்லேர்ந்துல்ல ஆரம்பிக்குது" என்றான்.

நான் என் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய கேள்வி அது. ஆனால் நான் சொன்ன பதில்: "தம்பி, கான்கிரீட்டுக்குள்ள தண்ணி எப்படிப் போகும்னு உங்களுக்குத் தெரியாது."

அத்தோடு நின்றிருக்கலாம். அசோசியேஷன் வாட்ஸப் குழுவில், 48 வீட்டுக்காரர்களும் படிக்கிற இடத்தில், மூன்று போட்டோக்களோடு எழுதினேன். 'மேல் வீட்டாரின் அலட்சியத்தால் வயதானவர்களாகிய நாங்கள் படும் சிரமம்' என்று தொடங்கியது அது. நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். செயலாளர் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினார். டிசம்பர் கடைசி வாரம் அவன் ஆள் வைத்து நாலு டைலை உடைத்துக் குழாயைத் திறந்து பார்த்தான். ஜாயிண்ட் எல்லாம் உலர்ந்து கிடந்ததாம். இருந்தாலும் மறுபடி பூசி, வாட்டர் ப்ரூஃபிங் செய்து மூடினான். 14,500 ரூபாய். எங்கள் சுவர் காயவில்லை. "காய நாளாகும்" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஏங்க, இந்த வாரத்துல ரெண்டு தடவை ஈ.எல்.சி.பி. விழுந்துடுச்சு, என்னன்னு பாருங்களேன்." பழைய அயர்ன் பாக்ஸ் மேல் பழியைப் போட்டு அதைத் தூக்கி எறிந்தேன். நல்ல அயர்ன் பாக்ஸ்.

போகிக்கு நாலு நாள் முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கு மொத்த வீடும் இருண்டது. ஸ்விட்சைத் தூக்கினால் நிற்கவில்லை. எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கீசரைப் போட்டதும் விழுந்தது.

எங்கள் வீட்டில் குளியலறைக்கு மேலே ஒரு லாஃப்ட். அதன் வாய் படுக்கையறைப் பக்கம். கீசர் அந்த லாஃப்ட்டின் உள்கோடியில் படுத்திருக்கிறது. 2012-இல் வாங்கியது, 25 லிட்டர். அதற்கு முன்னால் டிரங்குப் பெட்டி, சூட்கேஸ்கள், பேரன் விட்டுப்போன மூன்று சக்கர சைக்கிள். அதன் முகத்தை நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது. சூட்கேஸ்களை இறக்கிவிட்டு அவர் தலையை உள்ளே விட்டார். "சார், இங்க குளமே கட்டியிருக்கு."

பிளம்பரும் வந்து கீசரைக் கழற்றிக் கீழே வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தொட்டி இரும்புத் தகடு. உள்ளே கண்ணாடி போல ஒரு பூச்சு. பூச்சில் எங்காவது பிசிறு இருந்தால் தண்ணீர் இரும்பைத் தின்னும் என்பதால், உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி வைக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாக அது தன்னைத் தின்னக் கொடுக்கும். அது தீர்ந்த பிறகு தொட்டியின் முறை. எங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது எங்கள் பக்கெட்டுகளைப் பார்த்தாலே தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்த்திருக்க வேண்டிய கம்பியைப் பத்து வருஷமாக யாரும் பார்க்கவில்லை. பிளம்பர் எடுத்துக் காட்டினார். குச்சி ஐஸைச் சாப்பிட்டு முடித்தபின் மிஞ்சும் குச்சி மாதிரி இருந்தது.

கழற்றுவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய புத்தி. சொட்டுகிற இடத்தில் டம்ளரை வைத்து மணி பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் டம்ளர் நிறைந்தது. நாளுக்கு நாலு லிட்டருக்கு மேல். அவ்வளவும் லாஃப்ட் தளத்தில் தேங்கி, லாஃப்ட் உயரத்திலிருந்துதான் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அந்தப் பையன் சொன்ன பாதிச் சுவர்.

டிரங்குப் பெட்டியில் கொலு பொம்மைகள். மனைவியின் அம்மா கொடுத்தவை, சில அவருக்கு அவர் அம்மா கொடுத்தவை. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்துக் கையோடு வந்தது. மேல் வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. மரப்பாச்சிகள் துடைத்து வைத்தால் சரியாகிவிடும் போலிருந்தன. அடியில் இருந்த காகிதக்கூழ் பொம்மைகள்தான் ஊதி, வர்ணம் உரிந்து, முகம் போய்க் கிடந்தன. தசாவதார செட்டில் போனவை இரண்டு: மச்சமும் கூர்மமும். தண்ணீரிலேயே பிறந்த இரண்டும் தண்ணீரில் போய்விட்டனவே என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. முகமில்லாத கூர்மத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "முதல்ல மேல போய்ட்டு வாங்க" என்றாள்.

போக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பையன்தான் கதவைத் திறந்தான், தோளில் குழந்தை. சொன்னேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னான். 14,500 ரூபாயை அனுப்பிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்பான் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்தது, ஒளிப்பானேன்? "சரி அங்கிள்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "குரூப்ல போட்டீங்கல்ல, அங்கயே ஒரு வார்த்தை போட்டுடுங்க. லிஃப்ட்ல பாக்கறவங்க இன்னும் லீக்கேஜ் சரியாச்சான்னு எங்கிட்டதான் கேக்கறாங்க" என்றான்.

புகாரை எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. 'தவறான தகவலின் அடிப்படையில்' என்று ஆரம்பித்திருந்தேன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "யார் குடுத்த தகவல்?" என்று கேட்டாள். அழித்துவிட்டு, 'ஈரம் எங்கள் கீசரிலிருந்து வந்தது. மேல் வீட்டில் எந்தக் கசிவும் இல்லை. விசாரிக்காமல் குற்றம் சொன்னது என் தவறு' என்று மூன்று வரி போட்டேன். இந்த முறை யாரும் படம் எதுவும் போடவில்லை. செயலாளர் மட்டும் கீசர் எந்த மாடல் என்று தனியாகக் கேட்டார்.

சுவர் காய்ந்து முடியச் சித்திரை ஆகிவிட்டது. பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல் தெரிய அப்படியே விட்டோம். அவசரப்பட்டுப் புட்டி வைத்தால் மறுபடி உப்பு தள்ளிவிடும் என்றார் கொத்தனார். அவர் சொன்ன வழி ஒன்று: ஒரு சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும், உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் இன்னும் காயவில்லை. மூன்று முறை வியர்த்தது. புதிய கீசரை லாஃப்ட்டில் வைக்கவில்லை. குளியலறைச் சுவரிலேயே, நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறோம்.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ அந்தக் குளியலறைக்குப் போனேன். பழுப்புத் தரையில் நாலு டைல் மட்டும் வெளிர் மஞ்சளாக இருந்தது. துண்டை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றவன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

"பழைய டிசைன் இப்ப வர்றதில்லையாம், அங்கிள்" என்றான்.