வாட்டம்

விருட்சாசனத்தில் நின்றால் எப்போதும் ஷட்டர் பக்கமாகத்தான் சாய்ந்தேன். வலது காலில் நின்றாலும் இடது காலில் நின்றாலும் அப்படித்தான். ஒரு வாரம் என் இடுப்பைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பிறகு கைப்பேசியில் ரசமட்டம் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து தரையில் வைத்தேன். ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. கார் ஷெட்டின் பின்சுவரிலிருந்து ஷட்டர்வரை 16 அடி. அதற்குள் தரை 3 அங்குலம் இறங்கியிருந்தது. அவ்வளவு சின்னச் சரிவில் யாரும் விழமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பிழை என்னிடம் இல்லை, தரையில்தான் என்று கண்டுபிடிப்பதில் ஒரு நிம்மதி. பதிமூன்று வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு அது பழகிய நிம்மதிதான்.

"ஏனுங்கப்பா, ஷெட் தரை சாஞ்சிருக்குதே?" என்றேன்.

"சாயல கண்ணு. வாட்டம் குடுத்திருக்குது. காரு கழுவுனா தண்ணி எங்க போகும்?"

1998-இல் மாருதி 800 வாங்கியபோது, கார் வருவதற்கு முன்பே சிங்காநல்லூர் வீட்டில் அப்பா கட்டிய ஷெட் அது. மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர். கொத்தனார் பக்கத்திலேயே நின்று, டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துப் போட்ட தரை.

இப்போது அங்கே கார் இல்லை. அது எப்படிப் போனது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு க்ளாக்கோமா. அவருக்கு வந்த வகையில் வலி கிடையாது. நேர்ப்பார்வை தெளிவாகவே இருக்கும், ஓரங்கள்தான் முதலில் போகும். அதனால்தான் அவர் கடைசிவரை நம்பவில்லை. எதிரே வரும் பஸ்ஸின் நம்பரைப் படித்துவிடுவார். ஒருநாள் இடப்பக்கம் வந்த சைக்கிள்காரர் அவர் கண்ணில் படவே இல்லை. நல்லவேளை, அந்த மனிதருக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்று ஷெட்டில் விட்ட காரை அப்பா அப்புறம் வெளியே எடுக்கவில்லை. இனிமேல் ஓட்டமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. நடுவாரத்தில் ஒருநாள் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவார். ஞாயிறு தவறாமல் கழுவுவார். ஓடாத காருக்கு அத்தனை குளியல்.

2023-இல் ஆர்.சி. மூன்றாம் முறையாகப் புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு முதுகில் டிஸ்க் விலகியது. வலி அடங்கியபின் யோகா டீச்சர் தினமும் ஒரு மணி நேரம் செய்யச் சொன்னார். ஹாலில் அம்மாவின் டிவி, மாடியில் என் ஆபீஸ் மேசை. மிச்சமிருந்தது ஷெட். "காரைக் குடுத்துரலாமுங்கப்பா, எனக்கு எடம் வேணும்" என்றேன். அவர் கண்ணைப் பற்றிப் பேச வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. என் டிஸ்க் அதற்கு வசதியாக இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, "செரி, ஆள் பாரு" என்றார். பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வந்து எடுத்துப்போனார். அன்று காலையும் காரைக் கழுவித்தான் கொடுத்தார்.

ஹடயோக பிரதீபிகையில் யோகியின் குடிலைப் பற்றி ஒரு வர்ணனை உண்டு. சின்ன வாசல், ஜன்னல் கூடாது, ஓட்டை பொந்து கூடாது, அதிக உயரமோ பள்ளமோ கூடாது, சாணி மெழுகிச் சுத்தமாக இருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "அது நம்ம ஷெட்டேதான். வாசல்தான் பெருசு" என்றார். சாணிக்குப் பதில் இருபத்தைந்து வருட என்ஜின் ஆயில். மரத்தூளைக் கொட்டி, சலவை சோடா போட்டு, நாலு நாள் தேய்த்தும் கறை போகவில்லை. மூச்சுப்பயிற்சியில் ஆழமாக இழுத்தால் இன்றும் லேசாக மாருதி வாசம் வரும்.

தரையை மட்டப்படுத்தி டைல்ஸ் போட்டுவிடலாம் என்றேன்.

"மட்டம் பண்ணீட்டா ஐப்பசி மழைல சாரத்தண்ணி உள்ளயே நின்னுக்கும்."

"ஷட்டர் இருக்குதுங்களே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு ஒரு காரு வந்துச்சுன்னா?" என்றார். யார் ஓட்டப்போகும் கார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது.

மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தார். 8 அடிக்கு 6 அடியில் மரச்சட்டம், மேலே 18 மி.மீ. பிளைவுட். பின்பக்கக் கால்கள் 4 அங்குலம், ஷட்டர் பக்கக் கால்கள் ஐந்தரை. மேலே மட்டம், அடியில் வாட்டம் அப்படியே. "எப்ப வேணும்னாலும் தூக்கிக்கலாம்" என்றார். எங்கள் வேலையில் எந்த மாற்றத்தைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வழி வைத்திருக்கச் சொல்வார்கள். இவ்வளவு சுத்தமாக நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை.

"நீங்களும் அவன்கூடப் பண்ணுங்களேன்" என்று அம்மா சொன்னார். தலை கீழே போகும் ஆசனங்களில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அவருக்கு அவை வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். மற்றதைச் செய்யலாம் என்றும் சொன்னார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் கால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காரமாட்டார். நான் சவாசனத்தில் படுத்திருக்கும்போது ஹோஸ் பைப்போடு வந்து பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் விடுவார். பிளைவுட் ஊறிப்போகும் என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த வாரம் மேடையின் கால்களுக்கெல்லாம் ரப்பர் ஷூ மாட்டியிருந்தார். "தூசி சேருது கண்ணு. நீ படுத்துக்க" என்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஷட்டரைப் பார்த்து ஓடும் சத்தம் கேட்கும்.