மாடத்துக் கல்

சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே சாலையோரத்தில் உள்ள குடிபாலாவில் பிறந்தவன் நான். கரும்பும் நிலக்கடலையும் மாந்தோப்பும் கண்டு வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு கல்தான். என் தந்தையார் இராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்து மாடத்தில் வைத்திருந்த, துளைகள் நிறைந்த வெள்ளைக் கல் அது.

இன்று சிங்கப்பூரில் என் மகன் வீட்டுக் கூடத்திலே கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்கிறான். (நம் பெண்டிர் கழுத்திலணியும் செம்பவளம் வேறு, இது பாறை கட்டும் இனம்.) பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கே கொடுத்துவிடுகின்றன. நல்ல குடித்தனக்காரர்கள்! ஆகவே விளக்கொளியே பவளத்திற்கு முதற்சோறு. எஞ்சிய பசிக்கு, விளக்கணைந்தபின் நுண்கைகளை நீட்டிக் காத்திருக்கும். அப்போது ஆர்ட்டீமியாக் குஞ்சுகளைச் சிறு குழாயால் மெல்ல விட வேண்டும்.

சென்ற ஆண்டு மகன் பணி நிமித்தம் பத்து நாள் வெளியூர் சென்றான். "அப்பா, வாரத்திற்கு இருமுறை, அதுவும் கொஞ்சமாகப் போடுங்கள்; குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்" என்றான். விருந்தினரை வற்புறுத்தி உண்பிக்கும் ஊர்க்காரன் நான், நாள்தோறும் போட்டேன். கடற்பிராணிக்கு நல்ல தண்ணீரா என்று ஐயுற்று, உப்புநீரையே ஊற்றினேன். ஆவியாவது நீர்தான், உப்பன்று என்பது எனக்குத் தோன்றவில்லை. உண்ணாத தீனி அழுகியது. ஒன்பதாம் நாள் கிளைப்பவளமொன்றின் சதை உரிந்து வெள்ளெலும்பு தெரிந்தது.

அந்த வெண்மையையும் அந்தத் துளைகளையும் நான் முன்பே கண்டிருக்கிறேன், எங்கள் மாடத்தில்.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கென்றும் கட்டடத்திற்கென்றும் பல்லாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். இரண்டு தீவுகள் நீரில் அமிழ்ந்தே போயின. 1986-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பாறைப்பவளத்தை எடுப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். தூத்துக்குடி ஆய்வாளர்கள் இப்போது பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்க்கின்றனர். தந்தையார் அதைக் கல்லென்றே நம்பினார்; நானும்தான்.

மகன் திரும்பி வந்தான்; ஒன்றும் சொல்லவில்லை. உயிருள்ள விரலளவுத் துண்டொன்றை வெட்டி, சிறு கல்லொன்றில் ஒட்டி வைத்தான். அது பிழைத்துக்கொண்டது. தீனியிடும் இரவுகளில் விளக்கணைந்ததும் குழாயை என் கையிலேயே கொடுக்கிறான்.

"ஐந்து துளி போதும், அப்பா."