நம்பலாகாத தராசு

பள்ளிப்பட்டு திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூரின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். சரக்கு வாங்குவோன் அங்கு முதற்கண் நோக்குவது சரக்கையன்று, தராசின் நாவையே. தராசு பொய்யாயின் நல்ல சரக்கால் பயன் யாது? ஒளியைக் கொண்டு மறைமொழி அனுப்பும் அறிவியலாரையும் இவ்வையம் ஒருநாள் பற்றியது.

1984 டிசம்பரில் பெங்களூரில் கூடிய மாநாடொன்றில் பென்னட், பிராசார்ட் என்னும் இருவரின் புதுமுறை வெளியாயிற்று. ஒளித்துகளை ஒவ்வொன்றாக அனுப்பி, மறைமொழிக்குரிய திறவுகோலை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். இடையே ஒருவன் அளந்து பார்ப்பானாயின் துகளின் நிலை குலையும். அக்குலைவே கள்வனைக் காட்டிக்கொடுக்கும். இயற்கை விதியே காவலாக நிற்கும் இம்முறையை உடைத்தல் எவர்க்கும் அரிதென்றே பலரும் கருதினர்.

விதி பொய்க்கவில்லை, கருவி பொய்த்தது. 2010-இல் நார்வே நாட்டு டிரான்ட்ஹைம் நகர ஆராய்ச்சியாளர் லிடர்சன், மகரோவ் முதலியோர் விலைக்கு விற்கப்பட்ட கருவிகளையே எடுத்துச் சோதித்தனர். துகளைக் கண்டறியும் உணர்கருவியின்மேல் வலிய ஒளியைப் பாய்ச்சவே, அதன் கண் கூசிக் குருடாயிற்று. பின்னர்க் கள்வன் வேண்டிய விடையை மட்டும் அது கூறும். திறவுகோல் முழுதும் களவு போயினும் குலைவு ஏதும் புலப்படாது. பூட்டை உடையாமல் காவற்காரனையே மயக்கும் திருட்டு இது!

அத்துளையை அடைக்கச் சிலர் முயன்றனர். ஆயின் மற்றொரு துளை இராது என்பதற்கு உறுதி என்ன? 2012-இல் லோ, கர்ட்டி, சி என்னும் மூவர் வேறு வழி கண்டனர். உணர்கருவியை நம்பவே வேண்டா. அதனைப் பகைவன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றனர். வியப்பாக உள்ளதன்றோ?

கடைத்தெருத் தராசே இதனை விளக்கும். எல்லைக்கு இப்பால் ஒருவனும் அப்பால் ஒருவனும் மூடிய பொதி ஒவ்வொன்றைத் தராசுக்காரனிடம் விடுக்கின்றனர் என்க. பொதியின் எடை இரண்டே வகை. ‘ஒத்தன’ என்றோ ‘ஒவ்வா’ என்றோ மட்டும் அவன் உரைப்பான். தன் பொதியின் எடையை அறிந்தவன், மற்றவன் பொதி எத்தகையது என்பதை உடனே உணர்வான். தராசுக்காரனோ ஒன்றும் அறியான். பொதியைத் தனியே தூக்கிப் பார்த்தால் அது குலையும். அவன் பொய் உரைத்தாலோ, இருவரும் சில பொதிகளின் எடையைப் பின்னர் வெளிப்படையாக ஒப்பிடும்போது பிடிபடுவான். பொதியின் இடத்தில் ஒளித்துகளையும், தராசின் இடத்தில் இரு துகள்களையும் கூட்டி நோக்கும் உணர்கருவியையும் வைத்துக் காண்க.

இந்தியாவில் 2022 பிப்ரவரியில், பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியிழை வழியே, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையினரும் தில்லி ஐ.ஐ.டி.யினரும் திறவுகோல் பகிர்ந்து காட்டினர். பகைவன் கையில் தராசைக் கொடுக்கும் முறையோ அதனினும் அரிது. இரு முனைகளிலிருந்தும் வரும் துகள்கள் ஒரே கணத்தில், வேறுபாடு அறியவொண்ணா இரட்டையராய் நடுவே வந்து சேர வேண்டும். துகளை அனுப்பும் விளக்கு அவரவர் இல்லத்திலேயே இருக்கின்றது. அதனை மட்டும் இம்முறையிலும் நம்பித்தான் ஆக வேண்டும்.