இறுகுதலும் இளகுதலும்

ஹைதராபாத்தின் குகட்பள்ளியில் உள்ள ஐ.டி.எல். ஏரி, விநாயகர் சிலைகள் கரைக்கப்படும் நீர்நிலைகளுள் ஒன்று. 'கரைத்தல்' என்பது வழக்குச் சொல். களிமண் உப்பைப் போலக் கரைவதில்லை. சிலை உடைந்து சிதைந்த பிறகும் அதன் மிக நுண்ணிய துகள்கள் நீரில் நெடுநேரம் மிதந்து கலங்கலாகவே நிற்கின்றன. இத்தகைய கலங்கல் எவ்வாறு பாயும் என்பது பாய்வியலின் கடினமான வினாக்களுள் ஒன்று.

ஆய்வகங்களில் இவ்வினாவுக்குப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படும் பொருள் லேப்போனைட் என்னும் செயற்கைக் களிமண். அதன் துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனும் 25 முதல் 30 நானோமீட்டர் விட்டமும் உடைய வட்டத் தட்டு. நீரில் 3 விழுக்காடு அளவில் கலந்தால், முதலில் தெளிந்த நீராகவே ஓடுகிறது. பின்னர், செறிவையும் உப்பையும் பொறுத்துச் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ, எவரும் தொடாமலே, குடுவையைக் கவிழ்த்தாலும் விழாத கூழாக இறுகிவிடுகிறது. தட்டுகள் ஒன்றையொன்று ஈர்த்து வலைப்பின்னலாகின்றனவா, விலக்கியபடியே நகர இடமின்றி அடைபடுகின்றனவா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நீள்கிறது.

வேகமாகக் கலக்கினால் அக்கூழ் மீண்டும் இளகி ஓடும். இறுகுவதை 'முதுமையடைதல்' என்றும், கலக்கி இளக்குவதை 'இளமை மீட்டல்' என்றும் அத்துறையினர் குறிக்கின்றனர். இரண்டும் உருவகங்கள். உருவகம் ஓர் எதிர்பார்ப்பையும் உடன் கொண்டுவருகிறது: கலக்கியதும் கடந்த காலம் முற்றாக அழிந்துவிடும் என்பதே அது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் யோகேஷ் ஜோஷியின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பைத் தகர்த்தது. நெடுநாள் அசையாமல் கிடந்த லேப்போனைட் மாதிரி, வலுவாகக் கலக்கிய பிறகும் தொடக்க நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. மேலும் விரைவாக இறுகத் தொடங்கியது. ஓட்டம் மீண்டது, இளமை மீளவில்லை.

ஆகவே 'இக்கலவையின் பாகுத்தன்மை என்ன?' என்ற கேள்வி முழுமையற்றது. ஒரே செறிவில், ஒரே வெப்பநிலையில் இரு ஆய்வகங்கள் வெவ்வேறு எண்களைப் பெற்று, இரண்டுமே சரியாக அளந்திருக்கக்கூடும். மாதிரிகளின் வயதுதான் வேறு. திடம், திரவம் என்னும் பெயர்ச்சொற்கள் இங்கே போதவில்லை. இறுகு, இளகு என்னும் வினைகளே பொருந்துகின்றன. தமிழில் வினைமுற்று காலம் காட்டும் அல்லவா? களிமண்ணை அளப்பவரும் காலத்தைக் காட்டியாக வேண்டும். அட்டவணையில் எண்ணை எழுதுமுன், மாதிரி எத்தனை நாள் கிடந்தது, எவ்வளவு நேரம் கலக்கப்பட்டது, கலக்கிய எத்தனை நிமிடத்தில் அளக்கப்பட்டது என்ற மூன்றையும் எழுதுவது ஆய்வு நேர்மையின் ஒரு பகுதி.