விழுகிற பிரேக்கர் காசைத் தின்னும்... விழாத பிரேக்கர்?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டுச்சேலை என்றதும் தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தறிக்கு நூல் போவதற்கு முன்னால் பட்டை முறுக்கித் தர வேண்டும். அந்த வேலை நடக்கும் தகரக் கொட்டகைகள் எந்த போட்டோவிலும் வராது. என் பெரியப்பா வைத்திருப்பது அப்படியொரு சின்ன முறுக்குப் பட்டறை. போன கோடையில் எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் பட்டைப் பற்றி இல்லை, மெயின் போர்டில் இருந்த பிரேக்கரைப் பற்றித்தான்.

மதியம் 2 மணி ஆனால் போதும், 'டப்' என்று விழும். மோட்டார் நின்று, கதிர்கள் நின்று, நூல் அங்கங்கே அறுந்துவிடும். அறுந்ததை முடிச்சுப் போட்டுத் திரும்ப ஓட்ட முக்கால் மணி நேரம். ஓடி முடிவதற்குள் இன்னொரு 'டப்'. நூலைக் கேட்டு நெசவாளர்கள் வாசலில் நிற்பார்கள்.

"பிரேக்கர் போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்" என்றார் எலெக்ட்ரீஷியன். வீட்டில் போடும் சின்ன எம்.சி.பி. சில நூறு ரூபாய்தான். பட்டறை மெயினுக்குப் போடும் எம்.சி.சி.பி. அப்படியில்லை. 7,000 ரூபாய் கொடுத்துப் புதிது வாங்கினார் பெரியப்பா. மூன்றாவது வாரமே அதுவும் விழ ஆரம்பித்தது. வாங்கிய கடையில், "சூட்டுல கருகியிருக்கு, இதெல்லாம் கேரண்டில வராது" என்று கையை விரித்துவிட்டார்கள்.

பிறகு ஒருவர் சொன்ன யோசனை, "பிரேக்கரே வேணாம், டைரக்ட் குடுத்துடலாம்." பெரியப்பா யோசித்தார். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "நாலு பொம்பளைப் பிள்ளைங்க வேலை பாக்குற எடம். அதெல்லாம் வேணாம்."

கடைசியில் பாதி விலைக்கு ஒரு பிரேக்கர் வந்தது. பில் இல்லை, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. ஆனால் ஒரு தடவைகூட விழவில்லை. "இதுதான்யா பிரேக்கர்!" என்று பட்டறையே கொண்டாடியது.

ஒரு மாதம் கழித்து, ராத்திரி ஷிஃப்டில், எலி கடித்த மோட்டார் கேபிளில் ஷார்ட் ஆனது. அப்போதும் அந்தப் பிரேக்கர் விழவில்லை. ஒயர் உருகி, பக்கத்தில் இருந்த பட்டு பற்றிக்கொண்டது. மீட்டர் பக்கத்து ஃபியூஸ் எரிந்த பிறகுதான் கரண்ட் நின்றது. எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. ஆனால் எரிந்தது அடுத்தவர் நம்பிக் கொடுத்திருந்த பட்டு. அந்தக் கடனைப் பெரியப்பா இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

நான் டிஜிட்டல் டெஸ்க்கில் செய்தி எழுதுகிறவள். 'மின்கசிவால் தீ விபத்து' என்று எத்தனையோ தலைப்பு வைத்திருக்கிறேன். அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அப்போதுதான் விசாரிக்கத் தொடங்கினேன்.

பிரேக்கருக்குள் பொதுவாக இரண்டு காவலாளிகள். ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை. அதிக கரண்ட் தொடர்ந்து ஓடினால் சூடாகி வளைந்து பிரேக்கரை விழவைக்கும். இன்னொன்று மின்காந்தம். ஷார்ட் ஆனால் கண்ணிமைப்பதற்குள் இழுத்துவிடும். இந்த இரண்டையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கி, 1924-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் காப்புரிமை வாங்கியது. நூறு வருடம் ஆகியும் அடிப்படை அதேதான்.

மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது, வழக்கமான கரண்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். எம்.சி.பி.யில் 'பி' வகை 3 முதல் 5 மடங்கிலேயே சட்டென விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு, 'டி' வகை 10 முதல் 20 மடங்கு வரை தாங்கும். வீட்டுக்கு வாங்கும் 'பி' வகையை மோட்டாருக்கு மாட்டினால் அது விழத்தான் செய்யும். அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

எங்கள் பட்டறையில் நோய் வேறு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் டாங் டெஸ்டரோடு வந்து பார்த்தார். லோடு அளவாகத்தான் இருந்தது. ஆனால் அலுமினிய கேபிளை லக் போடாமல் அப்படியே திருகியிருந்தார்கள். அது தளர்ந்து, அந்த இடம் கொதித்தது. அந்தச் சூடுதான் பிரேக்கருக்குள் இருக்கும் பட்டையை வளைத்தது. போர்டு இருந்ததோ மேற்கு வெயில் அடிக்கும் தகரச் சுவரில். எம்.சி.பி.க்களின் அளவை 30 டிகிரி வெப்பத்துக்குத்தான் குறிக்கிறார்கள். நம்மூர் மே மாதத் தகரக் கொட்டகைக்கு அந்தக் கணக்கு ஒத்துவருமா? முதல் இரண்டு பிரேக்கரும் பொய் சொல்லவில்லை. இங்கே சூடு இருக்கிறது என்று கத்தியிருக்கின்றன.

விழாமல் 'நல்ல பேர்' வாங்கிய மூன்றாவதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடந்தன. அது பிரேக்கரே இல்லை, பிரேக்கர் சட்டை போட்ட வெறும் கம்பி.

லக், புதுத் திருகு, கூலி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. போர்டை நிழல் பக்கம் மாற்றி, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பிரேக்கரைப் பில்லோடு வாங்கி மாட்டினார்கள். இந்தக் கோடையில் அது ஒரு தடவைதான் விழுந்தது. ஒரு பேஸ் போன நாள் அது, விழ வேண்டிய நாள்தான்.

2023 முதல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. பெரிய உதவிதான். ஆனால் யூனிட் இலவசமானாலும் ஒயரும் பிரேக்கரும் நம் கைக்காசு. முதலில் மிச்சம் பிடிக்கத் தோன்றுவதும் அங்கேதான்.

உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ பிரேக்கர் அடிக்கடி விழுந்தால், மாற்றுவதற்கு முன் லோடை அளக்கச் சொல்லுங்கள். திருகு தளர்ந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று, மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது முத்திரையையும் பில்லையும் கேளுங்கள். யாராவது "டைரக்ட் குடுத்துடலாமா?" என்று கேட்டால், என் பெரியம்மா சொன்ன பதிலையே சொல்லுங்கள்.