சக்கரம் வைத்த அடுப்பங்கரை

வண்டி செய்யச் சொல்லி வருகிறவரிடம் அவர் நீள அகலம் கேட்பதில்லை. "குவாலி எவ்ளோ பெரிசு? கேஸ் தோம்பு எந்தப் பக்கம் வைப்பே? எங்கேர்ந்து எது வரைக்கும் தள்ளுவே?" என்றுதான் தொடங்குகிறார். மூன்றுக்கும் பதில் வந்த பிறகே சுண்ணக்கட்டியை எடுக்கிறார். காகிதம் கிடையாது. சிமெண்டுத் தரையிலேயே வண்டி முழு அளவில் விழுகிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் டத்தோ கிராமட் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் பின்பாதிதான் பட்டறை. அறுபதைத் தாண்டிய தமிழர் ஒருவர் இரும்பு வேலையைப் பார்க்கிறார். மர வேலைக்கு அவரைவிட மூத்த சீனர். இருவரும் ஹொக்கியனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். விலை பேசும்போது மட்டும் மலாய்க்கு மாறுகிறார்கள். நான் போயிருந்தபோது, ஒரு தமிழ் முஸ்லிம் இளைஞருக்கு மீ கோரேங் வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. அந்த இளைஞருடைய அப்பாவின் பழைய வண்டி சுவரோரம் சாய்ந்து கிடந்தது. செங்கால் மரச் சட்டம், மேலே துத்தநாகத் தகடு, அடியில் கரியடுப்புக்கு விட்ட ஓட்டை.

"பழசையே ஏன் சரிபண்ணக் கூடாதுண்ணே?"

"தூக்கிப் பாரு தம்பி."

தூக்க முடியவில்லை. செங்கால் கறையானுக்கு அசையாது, மழைக்கும் அசையாது, ஆனால் கனம். அந்தக் காலத்தில் வண்டி வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடுவில்தான் ஓடியது. இன்றைக்கு வண்டியை வைக்கும் இடம் ஓரிடம், விற்கும் இடம் வேறிடம். நடுவில் மேடு, சாக்கடை மூடி, ஒருவழிப் பாதை எல்லாம் உண்டு.

புது வண்டியின் சூட்சுமம் அச்சில் இருக்கிறது. எடை முழுவதும் அச்சுக்கு நேர் மேலே நின்றால் தள்ளச் சுலபம். அப்படி நின்றுவிட்டால் கைப்பிடி பாரமில்லாமல் துள்ளும். பள்ளத்தில் வண்டி முன்பக்கமாகக் குப்புறப் போகும். அதனால் கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் பாரம் இருக்கும்படி அச்சை முன்னுக்குத் தள்ளுகிறார். எவ்வளவு என்று கேட்டேன். "தள்ளுறவன் உடம்பைப் பொறுத்து" என்றார். வண்டி ஏற்றும் பாரம் ஒரே அளவில் நிற்பதில்லை என்பது அடுத்த சிக்கல். 14 கிலோ எரிவாயு அடைத்த தோம்பு, இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ வரும். எரிய எரிய அதில் பாதி காற்றோடு போய்விடும். தண்ணீர் வாளியும் குழம்புச் சட்டியும் இரவுக்குள் காலி. ஆகவே குறைந்துகொண்டே போகிற சாமான்களையெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில் வைக்கிறார். தட்டு, பலகை, கண்ணாடிப் பெட்டி போன்ற மாறாத பாரங்கள் ஓரத்துக்குப் போகின்றன. இதை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. சாய்ந்த வண்டிகளைச் சரிசெய்து படித்தது.

அடுத்தது தகடு. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கிறது. எவர்சில்வர் என்று கடைக்காரர் கொடுப்பதெல்லாம் ஒரே ரகம் அல்ல. 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு; காந்தம் அதில் பிடிக்காது. 430 ரகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிக்கல் குறைந்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால் இந்தச் சோதனையை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. பினாங்கின் உப்புக்காற்றும் புளித்தண்ணீரும் சேர்ந்தால் மட்டமான தகட்டில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். பற்றவைத்த இடத்தில் நீலம் பாய்ந்த கறையை அமிலப் பசை தடவித் தேய்த்து எடுக்கிறார். அந்தக் கறையை விட்டால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

சட்டியின் உயரத்துக்கு இளைஞரையே நிற்க வைத்து அளந்தார். விளிம்பு முழங்கைக்கு ஒரு சாண் கீழே. அப்பாவுக்கு அளந்த வண்டியில் மகன் கிண்டினால் ஒரே மாதத்தில் தோள்பட்டை போய்விடும் என்கிறார். அப்பா குட்டை, மகன் நெட்டை. சட்டையைத் தைப்பதுபோல ஆளைப் பார்த்துச் செய்கிற வேலை.

இந்த இடத்தில் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை அவரிடம் காட்டினேன். அமெரிக்காவில் கௌபாய் உடையணிந்து பழங்காலத் துப்பாக்கிகளால் சுடும் போட்டிகள் உண்டு. 1987இல் கலிபோர்னியாவில் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார்கள். ஆளுக்கு இரண்டு கைத்துப்பாக்கி, ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன். களத்துக்குக் களம் தூக்கிப்போக முடியாமல் பலர் சக்கரம் வைத்த வண்டிகளைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையாக இருக்கும் மலேசியாவில் அப்படியொரு வண்டிக்கு வேலையே இல்லை. ஆனாலும் அவர் படத்தைப் பெரிதாக்கிக் கவனமாகப் பார்த்தார். துப்பாக்கிகள் அச்சுக்கு மேலே நட்டமாக நின்றன, தோட்டாப் பெட்டியே உட்காரும் பலகை. "ஆளு விஷயம் தெரிஞ்சவன்" என்றார். பிறகு, "சக்கரம்தான் சின்னது. நம்ம சாக்கடை மூடியிலே மாட்டிக்கும்."

சக்கரம் பற்றி அவருக்குத் தனிக் கருத்து. பினாங்கு திரிஷாவில் பயணி முன்னால் உட்காருவார், மிதிப்பவர் பின்னால். பாரம் முழுக்க முன்சக்கரங்களில். அந்தச் சக்கரங்களைக் கட்டியவர்களிடமிருந்துதான் ஆரக்கால் முறுக்கும் பக்குவத்தைக் கற்றாராம். அவர்களில் ஒருவர்கூட இப்போது தொழிலில் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. 2000 தொடங்கியபோது பழைய வாடகைகள் முடிவுக்கு வந்தன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்குப் பிறகு கடைவீடுகள் தங்கும் விடுதிகளாயின. தெருச் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துப் பழைய தெருக்கதைகளைச் சொல்லும் கேலிச்சித்திரங்களை மாட்டியிருக்கிறார்கள். அழகான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பி வளைக்கிறவனுக்கு அதே தெருவில் வாடகை கொடுத்து இருக்க முடியவில்லை. ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த சுவரோவியத்தோடு சேர்த்துப் பதித்த நிஜ சைக்கிளைப் படமெடுக்க வரிசை நிற்கிறது. சைக்கிள் சரிசெய்யும் கடையைத் தேடித்தான் போக வேண்டும்.

பினாங்குச் சாப்பாட்டைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. எந்தச் சட்டியில் யார் எத்தனை தலைமுறையாகக் கிண்டுகிறார்கள் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் வம்சாவளியே போடுகின்றன. அந்தச் சட்டியை ஆளுக்கேற்ற உயரத்தில், காற்றுக்கு மறைவாக, நெருப்பு கட்டைக்கு எட்டாதபடி நிறுத்தியவரைப் பற்றி எதிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை. சாப்பாடு பாரம்பரியம் என்றால் வண்டியும் பாரம்பரியம்தான் என்பது என் கட்சி.

பட்டறையின் வாடகை ஏறப்போகிறது. பட்டர்வொர்த் பக்கம் போய்விடலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால், கால் உடைந்த வண்டியை யார் பாலம் கடந்து தள்ளிக்கொண்டு போவது? மாநகர் மன்றம் வளாகம் வளாகமாக அங்காடிக்காரர்களுக்கு இடம் கட்டித் தருகிறது. அடுத்த வளாகத்தின் பின்மூலையில் பற்றவைக்கத் தாங்கும் மின்னிணைப்போடு ஓர் அறையை இவர்களைப் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் விடட்டும்.