நாடா ஓடாத கோடை

2025 மார்ச் 21, வெள்ளி

தறி நின்று மூன்று நாள். 19ஆம் தேதி காலையில் பதினாறு விசைத்தறியையும் நிறுத்தினேன். சோமனூர், பல்லடம், அவிநாசி என்று சுற்றுப்பட்டு முழுக்க இதே கதைதான். கூலியை உயர்த்திக் கேட்டு நிறுத்தியிருக்கிறோம். மற்றவர்கள் போராடினால் சத்தம் வரும். நாங்கள் போராடினால் சத்தம் நிற்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. ஓடுகிற ரயிலில் தூங்குகிறவன் வண்டி நின்றதும் எழுந்து உட்காருவானே, அந்த மாதிரி. எங்கோ நாய் குரைத்தது. எதிர்வீட்டு ஆத்தா இருமிக்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக எதிரில் இருக்கிறோம், அந்த ஆத்தாவுக்கு இப்படியொரு இருமல் இருப்பது எனக்குத் தெரியாது.

மார்ச் 25

பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்றேன். "எழுதியிருக்கறன்" என்றான்.

மார்ச் 30, ஞாயிறு

வெள்ளியங்கிரி போய் வந்தோம். கூப்பிட்டது பையன். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஆகாசத்தைப் பார்ப்பதற்கு அதையே மேலே போய்ப் பார்க்கலாம் என்றான்.

நேற்று அமாவாசை. பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ராத்திரி ஏறத் தொடங்கினோம். முதல் மலைப் படிக்கட்டிலேயே எனக்கு முழங்கால் நடுங்கியது. தறிக்கு நடுவே நாளெல்லாம் நடக்கிற கால்தான், ஆனால் அது சமதரைக் கால். பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும்தான் மேலே விடுகிறார்கள், அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஏறுகிற டார்ச்சும் இறங்குகிற டார்ச்சுமாக மலையே திருவிழா மாதிரி இருந்தது.

பாதி வழியில் பையன் நின்று, "ஏம்ப்பா இப்படிக் கத்தறீங்க?" என்றான். நான் கத்தவில்லை, பேசினேன். தறிக் குடோனுக்குள் பேசிப் பழகிய தொண்டை இது. அங்கே ஒன்று கத்த வேண்டும், இல்லாவிட்டால் வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று பேரும் அதில் கெட்டி. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. இரண்டு விரலை ஆட்டினால் ஊடை தீர்ந்துவிட்டது. இவன் பேசப் பழகியதே அதற்கு அப்புறம்தான்.

அதற்குமேல் வாயைத் திறக்காமல் நடந்தேன். அவனும் பேசவில்லை.

ஆறாவது மலையில் ஆண்டி சுனை. விடியலுக்கு முன்னால் அந்தத் தண்ணீரை மொண்டு தலையில் விட்டதும் மூச்சு அறுந்துவிட்டது. கூலி, நூல் விலை, கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரு நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏழாவது மலையில் சாமி கும்பிட்டபோது எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

ஏப்ரல் 2

முழங்கால். தைலம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்தத் தடவை ஏரி பார்க்க வேண்டுமாம். போனில் படங்கள் காட்டினான். காஷ்மீர், இமயமலை, நீலக் கண்ணாடி மாதிரி ஏரிகள், பக்கத்தில் கூடாரம். அவ்வளவு தூரத்துக்கு வழியில்லை. நமக்கு இருப்பது நீலகிரி. வனத்துறையின் மலையேற்றப் பாதைகளைத் தீக்காலத்துக்காக மூடியிருக்கிறார்கள். மூடியிருப்பதில் இவன் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். குரங்கணியில் 2018 மார்ச்சில் தீயில் செத்த 23 பேரில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அந்தப் பேரை எடுத்தாலே சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சனி, ஞாயிறில் ஒரு நாளைக்கு 8,000 வண்டிதான் என்று இந்த மாதம் முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. காரமடை, வெள்ளியங்காடு, கெத்தை, மஞ்சூர். 43 கொண்டை ஊசி வளைவு. பையன் எண்ணினான், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கெத்தையில் கண்ணைத் திறந்தபோது மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் ராட்சசக் குழாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "என்ன தொழிலுங்க?" என்றார். தறி என்றேன். "அப்ப உங்க வீட்டு வேரு இங்கதான இருக்குது" என்று சிரித்தார்.

அவர் விரல் விட்டுச் சொன்னது: மேலே அப்பர் பவானியில் தேக்குகிற தண்ணீர் மலையைக் குடைந்து அவலாஞ்சிக்கு வந்து விழுகிறது. அங்கே ஒரு மின்நிலையம். அவலாஞ்சி, எமரால்டு அணைகளிலிருந்து குந்தாவுக்கு, குந்தாவிலிருந்து கெத்தைக்கு, கெத்தையிலிருந்து பரளிக்கு, அப்புறம் பில்லூருக்கு. ஐந்து இடத்தில் விழுந்து ஐந்து இடத்திலும் மின்சாரம். கொழும்புத் திட்டத்தில் கனடா நாட்டு உதவியோடு 1950களில் தொடங்கியது. இன்னும் கனடா பவர் ஹவுஸ் என்றுதான் பேர். அத்தனை வேலையும் முடித்த பிறகு பில்லூரில் அதே தண்ணீரைக் கோயம்புத்தூர்க்காரன் குடிக்கிறான். மிச்சம் பவானிசாகர் போய் வாய்க்காலில் பாய்கிறது.

எங்கள் ஐயன் அடிக்கடி சொல்வார், 1932இல் பைக்காரா கரண்ட் வந்த பிறகுதான் கோயம்புத்தூரில் மில் மில்லாக முளைத்தது என்று. கரண்ட் என்றால் எனக்கு மீட்டர்தான். இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசம், அதற்குமேல் கணக்கு. அது இப்படி உச்சியிலிருந்து விழுந்து எழுந்து வருகிறது என்று யோசித்ததில்லை.

"தறிக எல்லாம் நின்னு போச்சு, கரண்டு மிச்சந்தானுங்க?" என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டாம்.

ஒரே தண்ணீருக்கு ஐந்து தடவை வேலை. யாரும் அதனிடம் மீட்டர் கணக்குப் பார்த்து, இந்தத் தடவை இவ்வளவுதான் கட்டுப்படியாகும் என்று சொல்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் எமரால்டு ஏரியைப் பார்த்தபடி இதையே நினைத்துக்கொண்டிருந்ததில் ஏரியைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9

பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். தறியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், டீ குடித்தார், போனார். நான் விலை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

கிலோ என்ன போகும் என்று போன் போட்டுக் கேட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவலாஞ்சி. வனத்துறை வண்டியில் சோலைக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கி லக்கிடி வரைக்கும் போனோம். சோலை முடிந்ததும் புல்வெளி, புல்வெளிக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில் தண்ணீர். கோடையில் நீர் இறங்கி, கரை முழுக்கச் செம்மண் பட்டை பட்டையாக, சேலைக் கரை போட்ட மாதிரி. 2019 ஆகஸ்டில் இங்கே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதாம். சோமனூரில் வருஷம் பூராவும் பெய்தாலும் அவ்வளவு வராது. இந்தப் புல்லும் சோலையும் அதைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன என்று வண்டி ஓட்டியவர் சொன்னார்.

காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. வீட்டில் கேட்கிற நிசப்தம் மாதிரி இல்லை இது. அங்கே ஏதோ ஒன்று இல்லாமல் போன மாதிரி இருக்கும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

பையனிடம் கேட்டே விடுவது என்று இருந்தேன். தறியை எடுத்து நடத்துவாயா, இல்லை விற்றுவிடட்டுமா. மெதுவாகத்தான் கேட்டேன், கத்தவில்லை. அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னான். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. முகம் அந்தப்பக்கம் திரும்பியிருந்ததால் வாயையும் பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை கேட்கலாமென்றால் ஒரு மாதிரியாக இருந்தது. வண்டிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஏப்ரல் 14

சித்திரைக் கனி. பாயசம். யாரும் அதிகம் பேசவில்லை.

ஏப்ரல் 22

கூலிப் பேச்சு முடிந்துவிட்டது. சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகத்துக்கு 10. சிலர் பட்டாசு வெடித்தார்கள். சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் பாவு பிணைக்கிறவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்று அவர் சம்சாரம் அப்புறம் சொன்னது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பன்னிரண்டு தறி ஓடுகிறது. நான்குக்கு ஆள் இல்லை. இரும்புக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை. ராத்திரி அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

சாயங்காலம் பையன் குடோன் வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னான். நான் ஏழாவது தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் பாதி முடிந்துவிட்டது. முதலில் உதடு இரண்டும் ஒட்டியது, அது மட்டும் தெரிந்தது. பாவு என்றானா, போறன் என்றானா. இரண்டுக்கும் வாய் அப்படித்தான் ஒட்டும்.

என்ன என்று கையை விரித்தேன். அவன் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினான். சரி என்று தலையாட்டினேன்.